ஆயாவின் சோடாபுட்டி கண்ணாடி: பார்வைக்கு யார் கோடு போட்டது?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல பாதி, "அடுத்து உங்க ஊர் கதை சொல்லுங்க"ன்னுதான் வந்துச்சு. எங்க ஊர் திருத்தணி. திருத்தணின்னா முருகன், 365 படி, ஆடிக்கிருத்திகை, டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழா, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் இன்னிக்கு எங்க வீட்டு பீரோவுல இருக்கிற ஒரு கண்ணாடியில இருந்து தொடங்குறேன்.

பிளாஸ்டிக் பிரேம். ரெண்டு காதுப் பக்கமும் சேர்த்து ஒரு கறுப்புக் கயிறு. கண்ணாடி நடுவுல கோலி குண்டு மாதிரி புடைச்சிருக்கும். சோடாபுட்டி கண்ணாடி. எங்க ஆயாவோடது. எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். 1989ல ஒரு பள்ளிக்கூடத்துல நடந்த கண் சிகிச்சை முகாம்ல ஆயாவுக்கு வலது கண்ணுல புரை எடுத்தாங்க. பெஞ்சுகளை ஒதுக்கிட்டு, வகுப்பறையில பாய் போட்டு வரிசையா படுக்க வெச்சிருந்தாங்களாம். கொஞ்ச நாள் கழிச்சு இந்தக் கண்ணாடியைக் கொடுத்தாங்க. பார்வை வந்துடுச்சு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆயாவால மலைப்படி இறங்க முடியல.

ஏறிடுவாங்க. இறங்கும்போதுதான் சிக்கல். அந்தக் கண்ணாடி எல்லாத்தையும் கால் பங்குக்கு மேல பெருசாக்கிக் காட்டும். பெருசாத் தெரியுறது பக்கத்துல இருக்கிற மாதிரியும் தெரியும். படி இங்க இருக்குன்னு கால் வெச்சா, அது இன்னும் கீழ இருக்கும். அதுவும் இல்லாம, தடிமனான லென்ஸோட ஓரத்துல வளையம் மாதிரி ஒரு இடம் தெரியவே தெரியாது. எதிர்ல வர்ற ஆள் திடீர்னு காணாமப் போய், திடீர்னு முன்னால முளைப்பார். ஆயா ஒவ்வொரு படியிலயும் உக்காந்து உக்காந்துதான் இறங்குவாங்கன்னு அம்மா சொல்லுவாங்க.

அதே 1989ல சென்னையில வசதி இருந்தவங்களுக்குக் கண்ணுக்குள்ளயே லென்ஸ் வெச்சு ஆபரேஷன் நடந்துட்டு இருந்துச்சு. அந்தத் தொழில்நுட்பம் புதுசும் இல்ல. லண்டன்ல ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள்ள வெச்சது 1949 நவம்பர்ல. அப்போ நாற்பது வருஷம் கழிச்சும் எங்க ஆயாவுக்கு சோடாபுட்டி போதும்னு யார் முடிவு பண்ணாங்க? முகாமுக்கு வந்த டாக்டர் இல்ல. அவர் கையில இருந்த பெட்டியில என்ன இருந்துச்சோ அதைத்தான் அவர் செஞ்சார். பெட்டியில என்ன இருக்கணும்னு முடிவு பண்ணது வேற இடம். அந்த இடத்தைத் தேடிப் போனப்ப கிடைச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. ஆயா பிறந்தப்ப திருத்தணி சென்னை மாகாணத்துல, சித்தூர் மாவட்டத்துல இருந்துச்சு. 1953ல ஆந்திர மாநிலம் பிரிஞ்சப்ப சித்தூரோட சேர்ந்து ஆந்திராவுக்குப் போச்சு. ம.பொ.சி. போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1ல திரும்ப இந்தப் பக்கம் வந்து செங்கல்பட்டு மாவட்டத்துல சேர்ந்துச்சு. 1997ல திருவள்ளூர் மாவட்டம். ஆயா வீடு மாறவே இல்ல, கோடுதான் மாறிட்டே இருந்துச்சு. கண் விஷயத்துலயும் இப்படி ஒரு கோடு இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

சென்னைக்கும் கண் மருத்துவத்துக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. 1819ல கிழக்கிந்திய கம்பெனி இங்க ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்குச்சு. இன்னிக்கு எழும்பூர்ல இருக்கிற அரசு கண் மருத்துவமனை அதுதான். 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அங்க கண்காணிப்பாளரா இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் ஒரு வேலை பண்ணார். அந்தக் காலத்துல ஊர் ஊராப் போற நாட்டு வைத்தியர்கள் ஊசியால புரையை உள்பக்கமாத் தள்ளி விட்டுடுவாங்க. அப்பவே பார்வை வந்த மாதிரி இருக்கும். வைத்தியர் காசு வாங்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவார். அப்புறம் கண்ணு சீழ் பிடிக்கும், இல்லன்னா அழுத்தம் ஏறிப் போயிடும். அப்படிக் கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்த கண்களை எலியட் சேகரிச்சு, அறுத்துப் பார்த்து, 1917ல லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில உரையா நிகழ்த்தி, புத்தகமாவும் போட்டார். ஒரு சிகிச்சை செஞ்ச அன்னிக்கு எப்படி இருக்குங்கிறதை விட, அப்புறம் என்ன ஆகுதுன்னு பார்க்கணும்ங்கிற எண்ணம் சென்னையில அவ்வளவு முன்னாடியே இருந்திருக்கு. ஆனா அது ஒரு தனி மனுஷனோட ஆர்வம். எதை ஆராயணும், எதுக்குக் காசு கொடுக்கணும்னு உக்காந்து யோசிக்க ஒரு குழு கிடையாது.

சுதந்திரத்துக்கு அப்புறம் அந்தக் குழுக்கள் வருது. நம்ம அரசியலமைப்புல சுகாதாரம் மாநிலங்களோட பொறுப்பு. மத்திய அரசு நேரடியா உத்தரவு போட முடியாது. அதனால 263ஆவது பிரிவின்படி 1952ல மத்திய சுகாதார கவுன்சில்னு ஒண்ணு அமைச்சாங்க. மத்திய சுகாதார அமைச்சர் தலைவர், மாநில சுகாதார அமைச்சர்கள் உறுப்பினர்கள். பரிந்துரைதான் செய்யும், கட்டாயப்படுத்தாது. ஆராய்ச்சிப் பக்கம் ஐ.சி.எம்.ஆர். 1911ல வேற பேர்ல தொடங்கி 1949ல இந்தப் பேருக்கு வந்தது. அதுக்குன்னு ஒரு அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு.

இந்த அமைப்பு கண்ணைப் பார்த்தப்ப முதல்ல தெரிஞ்சது டிராக்கோமா. இமைக்குள்ள வர்ற தொற்று. வருஷக்கணக்கா இருந்தா இமை உள்பக்கமாச் சுருங்கி, முடி கருவிழியை உரசி உரசிப் பார்வை போயிடும். 1963ல தேசிய டிராக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்துச்சு. தேவையான திட்டம்தான். பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் அந்த நோய் கடுமையா இருந்துச்சு. 2024ல, பொதுச் சுகாதாரப் பிரச்சனைங்கிற அளவுல டிராக்கோமாவை இந்தியா ஒழிச்சிடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுது. ஆனா திருத்தணிப் பக்கம் கிழவிகளுக்குப் பார்வை போனது அதனால இல்ல.

அது எப்படித் தெரிய வந்துச்சுன்னா, எண்ணிப் பார்த்தாங்க. 1971ல இருந்து 1974 வரைக்கும் ஐ.சி.எம்.ஆர். ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. மக்கள்தொகையில 1.38 சதவீதம் பேர் பார்வையற்றவங்க. ஏறக்குறைய 90 லட்சம் பேர். அதுல பாதிக்கு மேல கண்புரை. அதாவது, ஆபரேஷன் செஞ்சா திரும்பி வரக்கூடிய பார்வை. இந்த எண்ணு மேஜை மேல வந்த பிறகுதான் 1975ல மத்திய சுகாதார கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டுச்சு. நான் சுருக்கமா என் வார்த்தையில சொல்றேன்: பார்க்கிறது ஒரு அடிப்படை மனித உரிமை, தடுக்கக் கூடிய காரணத்தால யாரும் பார்வை இழக்கக் கூடாது, திருப்பித் தரக் கூடிய பார்வை போனவங்க அப்படியே இருந்துடவும் கூடாது. 1976ல தேசிய பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்குச்சு. முழுக்க மத்திய அரசு செலவு. 1.4 சதவீதத்தை 0.3க்குக் கொண்டு வரணும்ங்கிறதுதான் இலக்கு.

ஆலோசனை மட்டுமே சொல்ல முடியுற ஒரு கவுன்சில், அதிகாரமே இல்லாத ஒரு இடம், இவ்வளவு பெரிய வார்த்தை சொல்லியிருக்குன்னு படிச்சப்ப எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். உரிமைன்னு சொன்னாங்க. எந்த மாதிரிப் பார்வை, எவ்வளவு நல்ல பார்வைன்னு சொல்லல. திட்டத்துல எண்ணினது ஆபரேஷன் எத்தனைங்கிறதை. என் வேலையில இதை நான் தினமும் பார்க்குறேன். எந்த நம்பர் டேஷ்போர்டுல இருக்கோ அதுதான் ஏறும்.

கொஞ்ச நேரம் அமெரிக்கா போயிட்டு வருவோம். காரணம் இருக்கு. ஆயா கதை அங்க ஒரு தடவை தொடும்.

அங்க 1968 வரைக்கும் கண் ஆராய்ச்சிக்குத் தனி இடம் இல்ல. நரம்பு நோய் நிறுவனத்துக்குள்ள ஒரு பகுதியா இருந்துச்சு. ஜூல்ஸ் ஸ்டைன்னு ஒருத்தர். கண் டாக்டருக்குப் படிச்சுட்டு, பாட்டுக்காரங்களுக்கும் நடிகர்களுக்கும் ஏஜென்ட்டாப் போய், எம்.சி.ஏ.ங்கிற பெரிய கம்பெனியை உருவாக்கினவர். அவரும் மத்தவங்களும் விடாம அழுத்தம் கொடுத்ததுல, 1968 ஆகஸ்ட்ல ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டு தேசிய கண் நிறுவனம் பிறந்துச்சு. கூடவே தேசிய கண் ஆலோசனைக் கவுன்சில்.

அது வேலை செய்யற விதம் சுவாரசியமானது. ஒரு ஆராய்ச்சியாளர் பணம் கேட்டு விண்ணப்பம் போட்டா, முதல்ல அந்தத் துறை விஞ்ஞானிகள் குழு ஒண்ணு படிச்சு மதிப்பெண் போடும். அதோட முடியாது. ரெண்டாவதா கவுன்சிலுக்குப் போகும். இந்த ஆராய்ச்சி நல்லா இருக்கான்னு முதல் குழு பார்க்கும். நாட்டுக்கு இப்ப இது வேணுமா, எந்தப் பக்கம் ஆராய்ச்சியே நடக்காம இருக்குன்னு கவுன்சில் பார்க்கும். வருஷத்துக்கு மூணு தடவை கூடும். கூட்டத்துல ஒரு பகுதி யார் வேணும்னாலும் வந்து கேக்கலாம். விண்ணப்பங்களைப் பத்திப் பேசும்போது மட்டும் கதவைச் சாத்திடுவாங்க. அதை விட முக்கியம், உறுப்பினர்கள்ல மூணுல ஒரு பங்கு விஞ்ஞானிகளா இல்லாதவங்களா, பொதுமக்கள் தரப்புல இருந்து வர்றவங்களா இருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அவங்க பேச்சு எவ்வளவு எடுபடும்னு நாம கேள்வி கேக்கலாம். இருந்தாலும் ஒரு நாற்காலி இருக்கு.

நம்ம கவுன்சில்ல இருந்தது அமைச்சர்கள். அவங்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவங்கதான், இல்லன்னு சொல்லல. ஆனா சோடாபுட்டி போட்டுட்டுப் படி இறங்கின ஒருத்தர் அந்த மேஜையில உக்காந்திருப்பாங்களான்னா, எனக்கு நம்பிக்கை இல்ல.

சரி, திரும்ப 1989. திட்டம் தொடங்கிப் பத்து வருஷம் கழிச்சு, 1986ல இருந்து 1989 வரை மறுபடி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்துச்சு. 1.38 குறைஞ்சிருக்கும்னுதானே நினைப்போம்? 1.49 வந்துச்சு. வயசானவங்க எண்ணிக்கை கூடினது ஒரு காரணம். என்னை நிறுத்தின வரி வேற. பார்வை இழப்புக்கான காரணங்கள் பட்டியல்ல, புரை 80 சதவீதம். அதுக்குக் கீழ, நூத்துக்கு அஞ்சுக்குக் கொஞ்சம் குறைவா, அஃபேக்கியான்னு ஒண்ணு. அப்படின்னா, புரை எடுத்தாச்சு, கண்ணுக்குள்ள லென்ஸ் இல்ல, சரியான கண்ணாடியும் இல்ல. ஆபரேஷன் கணக்குல இவங்க வெற்றி. கணக்கெடுப்புல இவங்க பார்வையற்றவங்க. ஒரே ஆள் ரெண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்காங்க.

ஆயாவோட கண்ணாடி ஒரு கிருத்திகைக்கு மலையில தவறி விழுந்து உடைஞ்சுச்சு. புதுசு கிடைக்க மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசம் ஆயா அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர். அதுக்கப்புறம்தான் இந்தக் கயிறு. அந்த மூணு மாசமும் எங்க தாத்தாவோட கைத்தடியை வெச்சுட்டு, "எனக்கும் வெண்பாக்கத்து சாமி கோலைத்தான் குடுத்தாரு"ன்னு சொல்லுவாங்களாம். கதை தெரியாதவங்களுக்கு: திருவொற்றியூர்ல கண்ணு ரெண்டும் போன சுந்தரர், வழியில நம்ம பூண்டிப் பக்கத்துத் திருவெண்பாக்கத்துல சிவன்கிட்ட பார்வை கேட்டப்ப, அவர் கொடுத்தது ஊன்றுகோல். சுந்தரருக்குக் கோபம். அப்புறம் காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு, திருவாரூர்ல இன்னொரு கண்ணு. அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இப்ப பூண்டி ஏரித் தண்ணிக்குள்ள இருக்கு. கோயிலை எடுத்து வேற இடத்துல கட்டினாங்க.

அப்போ ஏன் எல்லாருக்கும் லென்ஸ் வெக்கல? எதிர்த்தவங்ககிட்டயும் நியாயம் இருந்துச்சு. பழைய முறையில புரையை உறையோட சேர்த்து முழுசா எடுத்துடுவாங்க. சீக்கிரம் முடியும், செலவு குறைவு, ஒரு நாள்ல நிறையப் பேருக்குச் செய்யலாம். லென்ஸ் வெக்கணும்னா பின்பக்க உறையை விட்டு வெக்கணும். அதுக்கு மைக்ராஸ்கோப் வேணும், பயிற்சி வேணும். அந்த உறை பின்னால மங்கிப் போனா லேசர் வேணும், கிராமத்துல லேசருக்கு எங்க போறது? லென்ஸ் விலை அப்ப நூறு டாலரை ஒட்டி இருந்துச்சு. காத்திருக்கிற லட்சக்கணக்கான பேர்ல, சிலருக்கு நல்ல பார்வையா, பலருக்கு ஓரளவு பார்வையா? அந்த நாற்காலியில நான் உக்காந்திருந்தா எதைச் சொல்லியிருப்பேன்னு எனக்கே உறுதியாத் தெரியல.

ரெண்டு விஷயம் இதை மாத்துச்சு. ரெண்டும் மதுரை. 1976ல, அதே திட்டம் தொடங்கின வருஷம், டாக்டர் ஜி. வெங்கடசாமி ரிட்டயர் ஆன பிறகு 11 படுக்கையோட தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனை, 1992ல அரோலேப்ங்கிற பேர்ல லென்ஸை இங்கயே தயாரிக்க ஆரம்பிச்சுது. விலை பத்து டாலர் பக்கம் இறங்குச்சு. ரெண்டாவது, அரவிந்தும் அந்த அமெரிக்க தேசிய கண் நிறுவனமும் சேர்ந்து செஞ்ச ஒரு ஆராய்ச்சி. அந்த நிறுவனத்தோட முதல் இயக்குநர் கார்ல் குப்ஃபர் பேரும் ஆசிரியர் பட்டியல்ல இருக்கு. 3,400 நோயாளிகள். குலுக்கல் முறையில பாதிப் பேருக்குப் பழைய ஆபரேஷனும் சோடாபுட்டியும், பாதிப் பேருக்குக் கண்ணுக்குள்ள லென்ஸும். 1998ல முடிவு வெளியாச்சு.

இங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. சுவத்துல மாட்டின எழுத்து அட்டையில, சரியான கண்ணாடி போட்டுப் பார்த்தா, ரெண்டு கூட்டத்துலயும் பெரும்பாலானவங்க நல்லாத்தான் படிச்சாங்க. லென்ஸ் வெச்சவங்க கொஞ்சம் மேல, அவ்வளவுதான். பழைய முறையும் பாதுகாப்பானதுதான்னு தெரிஞ்சுது. டெஸ்ட் எல்லாம் பாஸ். அட்டையோட நிறுத்தியிருந்தா, சோடாபுட்டியே போதும்னு யாராவது வாதாடியிருக்க முடியும். ஆனா அவங்க நிறுத்தல. தென்னிந்தியக் கிராமத்து ஆட்களுக்குன்னே முன்கூட்டி ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணி வெச்சிருந்தாங்க. தூரத்துல வர்றவங்க முகம் தெரியுதா, நடக்கும்போது எப்படி, உங்க வேலையை நீங்களே பார்த்துக்க முடியுதா, மனசு எப்படி இருக்குங்கிற மாதிரி. ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் கேட்டாங்க. அந்த பதில்கள்ல லென்ஸ் வெச்சவங்க தெளிவா முன்னால இருந்தாங்க. மேஜையில நாற்காலி கிடைக்காத ஆளுங்க, இந்தக் கேள்வித்தாள் வழியா உள்ள வந்துட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இதனாலதான் எல்லாம் மாறிச்சுன்னு சொன்னா கதை அழகா இருக்கும். ஆனா தேதி ஒத்து வராது. 1.49 வந்த அதிர்ச்சியில, 1994லயே உலக வங்கிக் கடனோட ஏழு மாநிலத்துல புரை ஒழிப்புத் திட்டம் தொடங்கியாச்சு. தமிழ்நாடும் ஆந்திராவும் ரெண்டுமே அதுல உண்டு, அதனால எங்க ஊர்க் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே திட்டம். பள்ளிக்கூடத்துல பாய் போட்டு ஆபரேஷன் செய்யறதைக் குறைச்சு, ஆளை வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், லென்ஸ் வெக்கணும்னு திசையை மாத்தினாங்க. 2002 வரைக்கும் ஒன்றரைக் கோடி ஆபரேஷன். 1994ல நூறு ஆபரேஷனுக்கு அஞ்சு லென்ஸ் கூட இல்ல. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துல அது தொண்ணூறுக்கு வந்துச்சு. மதுரை ஆராய்ச்சி நடுவுல வந்து, போற வழி சரிதான்னு உறுதி சொல்லுச்சு.

இப்ப அந்தக் கோடு. 6/60ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சாதாரண கண்ணு 60 மீட்டர்ல இருந்து பார்க்குறதை, இவங்க 6 மீட்டர் கிட்ட வந்தாத்தான் பார்க்க முடியும். கண்ணாடி இருந்தா போட்டுட்டே, நல்லா இருக்கிற கண்ணுல, அதுக்கும் கீழன்னா பார்வையற்றவர். நம்ம திட்டம் இந்தக் கோட்டைத்தான் ரொம்ப காலமா வெச்சிருந்துச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட கோடு 3/60, இன்னும் கடுமை. 2017ல நாமளும் 3/60க்கு மாறினோம், திட்டத்தோட பேரும் மாறிச்சு. 2006-07ல 1 சதவீதம், 1 கோடியே 20 லட்சம் பேர். 2015-19 கணக்கெடுப்புல 0.36 சதவீதம், 48 லட்சம் பேர். நிஜமாவே பெரிய இறக்கம் இருக்கு, அதைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா ரெண்டு எண்ணும் ஒரே கோட்டால அளந்தது இல்ல. 6/60க்கும் 3/60க்கும் நடுவுல இருக்கிறவங்க ஒரு நாள் ராத்திரி தூங்கி எழுந்தப்ப பார்வையற்றவங்க பட்டியல்ல இல்ல. வீடு மாறாமலே மாவட்டம் மாறின மாதிரி.

ஆயாவோட இடது கண்ணுக்கு 2001ல ஆபரேஷன் ஆச்சு. வேன் வந்து கூட்டிட்டுப் போச்சு, ஆஸ்பத்திரியில வெச்சு செஞ்சாங்க, கண்ணுக்குள்ள லென்ஸ், பைசா வாங்கல. ஒரு கண்ணுல லென்ஸ், இன்னொரு கண்ணுல இல்லங்கிறதால சோடாபுட்டியைப் போட முடியாது, ஒரே ஆள் ரெண்டு அளவுல ரெண்டாத் தெரிவார். அதனால அதைக் கழட்டி வெச்சுட்டு இடது கண்ணை நம்பியே கடைசி வரைக்கும் இருந்தாங்க. அந்த வருஷ ஆடிக்கிருத்திகைக்கு மலைக்குப் போயிட்டு இறங்கும்போது, அம்மா பழக்கத்துல கையைப் பிடிக்கப் போயிருக்காங்க. ஆயா கையை உதறிட்டு, "விடுடி, படி படி இருக்கிற எடத்துலயே இருக்குது"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு இறங்கிப் போயிட்டாங்களாம். நான் அப்ப கைக்குழந்தை, அம்மா இடுப்புல இருந்திருக்கேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு சோடாபுட்டி இருந்தா, அது எந்த வருஷம், எந்த முகாம்னு பெரியவங்ககிட்ட கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.